மணலா, மண்ணா, நார்த்தூளா?

பென்சில் பருமனில் ஒரு குச்சி கிடைத்தால் போதும். ஆடாதோடையும் நொச்சியும் உங்கள் கொல்லைக்கு வந்துவிடும். மூன்று நான்கு கணு இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு எடுத்து, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு புதையும்படி நட்டு நிழலில் வையுங்கள்.

எதில் நடுவது? ஆற்று மணல் விசேஷம். நீர் தேங்காது, குச்சி அழுகாது. ஆனால் அதில் சத்து கிடையாது. வேர் விட்டதும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். தேங்காய் நார்த்தூள் ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். அதில் உப்பு இருக்குமாகையால் முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

"நல்ல தண்ணீரா? அதற்குத்தானே ஐயா இங்கே திண்டாட்டம்!" என்று ஆம்பூர், வாணியம்பாடி வாசகிகள் சிரிப்பது காதில் விழுகிறது. தோலிலிருந்து கழுவிய உப்பு பாலாற்றங்கரைக் கிணறுகள் பலவற்றில் இறங்கியிருக்கிறது. கெடுத்தவர்களே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பூமிக்குள் போன உப்பு அந்தத் தீர்ப்பைப் படிக்கவில்லை!

வேரில்லாத குச்சிக்கு உப்பு நீர் எமன். நானும் கிணற்று நீரை ஊற்றி ஒரு வரிசை நொச்சியைக் கருக்கியவன்தான். அப்போது மணலைத்தான் திட்டினேன்.

மழை நீரைக் குடத்தில் பிடித்து மூடி வையுங்கள். நாலு குச்சிக்குத் தினம் ஒரு செம்பு தாராளம். அதுவும் இல்லையென்றால், குடிக்கிற தண்ணீரில் ஒரு கண்ணாடி டம்ளர் ஒதுக்கி, கற்பூரவல்லிக் கொம்பை நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து நாளில் வெள்ளை வேர் வெளியே தெரியும்.