யூ இல்லாத க்யூவும் அர்த்தம் இல்லாத மனப்பாடமும்

ஸ்கிராபிள் ஆடும் கூட்டத்தில் ஒரு வேதவாக்கு உண்டு. "சொல் செல்லுமா, செல்லாதா? அவ்வளவுதான் கேள்வி. அர்த்தம் எல்லாம் இங்கிலீஷ் வாத்தியாருக்கு." கைக்குக் கை மாறும் ஜெராக்ஸ் பட்டியல்களைப் பார்த்தாலே இது தெரியும். இரண்டெழுத்துச் சொற்கள் ஒரு பக்கம், மூன்றெழுத்துச் சொற்கள் ஒரு பக்கம், க்யூவுக்குப் பின்னால் யூ வராத சொற்கள் ஒரு பக்கம். எதற்குப் பக்கத்திலும் ஒரு வரி அர்த்தம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்போடு தொலைந்தது என்று நினைத்த உருப்போடும் வியாதி விளையாட்டுக்குள்ளும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

இந்த வேதவாக்கு தப்பு. அதுவும் தமிழ் பேசுகிறவர்கள் இதை நம்புவது இரட்டைத் தப்பு. ஏன் என்பதற்கு அந்த மூன்றாவது பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

முதலில் கணக்கு. ஆட்டத்தில் மொத்தம் 100 எழுத்துக் கட்டைகள். க்யூ ஒன்றே ஒன்று, மதிப்பு 10 புள்ளி. யூ நான்குதான். யூ வராமல் க்யூ மட்டும் கையில் மாட்டிக்கொண்டு ஆட்டம் முடிந்தால் அந்த 10 புள்ளியும் கழியும். ஆகவேதான் யூ தேவைப்படாத க்யூ சொற்களுக்கு இவ்வளவு கிராக்கி. அதில் ராஜா, க்யூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல். மூன்று மடங்குக் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் இதே சொல் அமையும்படி செய்தால் 62 புள்ளி. வட அமெரிக்கப் பட்டியலில் 2006ல் இது நுழைந்தபோது ஆட்டத்தின் போக்கே மாறியது.

இந்தச் சொல்லை வைக்கிற எத்தனை பேருக்கு இது சீன மொழி என்று தெரியும்? உச்சரிப்பு 'சீ'. மூச்சு, உடலில் ஓடும் உயிர்ச்சக்தி என்று பொருள். முன்பெல்லாம் ஆங்கிலத்தில் இதை சி-எச்-ஐ என்றே எழுதினார்கள். 1958ல் சீன அரசு பின்யின் என்ற ரோமன் எழுத்துமுறையை ஏற்றது. அதில் இந்த ஒலிக்கு க்யூவை ஒதுக்கினார்கள். பெய்ஜிங்கில் எடுத்த ஒரு முடிவுதான் இன்றைக்கு விடுதி அறையில் 62 புள்ளியாக விழுகிறது.

ஆங்கிலத்துக்கு ஏன் க்யூவோடு எப்போதும் யூ வேண்டும் என்றும் பட்டியல்காரர்கள் கேட்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் 'குயீன்' என்ற சொல் சி-டபிள்யூ-ஈ-என். 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கம் பழகிய எழுத்தர்கள் சி-டபிள்யூவைத் தூக்கிவிட்டு க்யூ-யூ என்று எழுத ஆரம்பித்தார்கள். ஆக, யூ இல்லாமல் க்யூ வந்தால் அந்தச் சொல் அநேகமாக வேறு ஊரிலிருந்து வந்தது. க்யூவே அதன் பாஸ்போர்ட்.

எந்த ஊர்? அதிகமும் அரபு. அரபியில் 'க'வுக்கு நெருக்கமாக இரண்டு எழுத்துகள். ஒன்று காஃப், சாதாரண 'க'. இன்னொன்று தொண்டையின் அடியிலிருந்து வரும் கனத்த ஒலி. அந்தக் கனத்த எழுத்தைக் காட்டத்தான் ரோமன் எழுத்தில் க்யூவைப் பிடித்தார்கள். காதி, கத், கனாத், நிகாப், புர்கா, தலாக், ஃபகீர் என்று பட்டியலில் வரிசையாக நிற்பவை எல்லாம் அந்த ஓர் எழுத்தின் பிள்ளைகள். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதிப் பட்டியல் தானாக மனதில் உட்காரும்.

இங்கேதான் தமிழர்களின் இரட்டைத் தப்பு. அதே அரபு எழுத்து தமிழுக்குள் எப்போதோ வந்துவிட்டது. பாக்கி, நகல், இலாகா, தாலுக்கா... நான்கின் மூலத்திலும் அந்தக் கனத்த ககரம்தான். தாலுக்கா ஆபீசில் நகல் வாங்கி, பாக்கி சில்லறைக்காக நின்ற ஒவ்வொருவரும் இந்த எழுத்தோடு பழகியவர்கள்தான். ஃபகீர் தமிழில் பக்கிரி. காதி தமிழில் காஜி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரரை, முகமே தெரியாதது போல எட்டு தடவை எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது!

"சரி, அதனால் என்ன லாபம்? நைஜல் ரிச்சர்ட்ஸைப் பார்" என்பார்கள் எதிர்த்தரப்பில். நியாயமான கேள்விதான். நியூசிலாந்துக்காரரான ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே, சில வாரங்கள் பிரெஞ்சு அகராதியைப் படித்துவிட்டு 2015ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024ல் ஸ்பானிஷ் பட்டத்தையும் வென்றார். போட்டியில் நடுவர் யாரும் அர்த்தம் கேட்பதில்லை என்பதும் உண்மை. அர்த்தம் தெரியாமலும் ஜெயிக்கலாம், மறுப்பே இல்லை.

ஆனால் ரிச்சர்ட்ஸ் ஓர் அதிசயம். அதிசயத்தைப் பாடத்திட்டமாக்க முடியாது. அகராதிப் பக்கத்தைப் படம் பிடித்ததுபோல் நினைவில் வைக்கிற மூளை ஊருக்கு ஒன்றுகூடக் கிடையாது. மற்றவர்களின் மூளைக்குக் கொக்கி வேண்டும். அர்த்தம்தான் அந்தக் கொக்கி. ஆட்டத்துக்குள்ளேயே அது உதவும். கிந்தார்கா என்று ஒரு க்யூ சொல், அல்பேனியாவின் சில்லறைக் காசு. பட்டியலை மட்டும் உருப்போட்டவர் கடைசியில் ஓர் எஸ் சேர்த்து நீட்டுவார். செல்லாது. ஏனென்றால் அதுவே பன்மை, ஒருமை கிந்தார். அர்த்தம் படித்தவருக்கு இது ஒரு வரிச் சமாச்சாரம். படிக்காதவருக்கு ஒரு முறை ஆட்டம் போய்விடும்.

ஆனாலும் புள்ளிக்காக மட்டும் அர்த்தம் படிக்கச் சொன்னால் அதுவும் அற்பம்தான். சில சொற்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். அதுதான் பெரிய காரணம்.

கனாத் என்பது ஈரானின் பாலைநிலங்களில் தண்ணீர் கொண்டுவரும் சுரங்க வாய்க்கால். மலையடிவாரத்தில் ஆழமாகத் தோண்டி நிலத்தடி நீரைப் பிடித்து, மிக லேசான சரிவில் பூமிக்கடியிலேயே ஊர் வரை கொண்டுபோவார்கள். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. யுனெஸ்கோ 2016ல் பாரசீகக் கனாத்துகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பட்டியலில் அது வெறும் 14 புள்ளி.

கத் என்பது ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் மெல்லும் போதை இலை. பிரிட்டன் 2014ல் அதைத் தடை செய்தது. லண்டனில் அந்த இலையை வைத்திருந்தால் குற்றம், அந்தச் சொல்லைப் பலகையில் வைத்தால் 12 புள்ளி!

தலாக். இதற்கும் 14 புள்ளிதான். ஷாயரா பானு உச்ச நீதிமன்றம் வரை போனது இந்த ஐந்தெழுத்துக்காக. ஒரே மூச்சில் மூன்று முறை இதைச் சொல்லி மனைவியைத் தள்ளிவைக்கும் முறை செல்லாது என்று 2017 ஆகஸ்ட் 22 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. 2019ல் அதைக் குற்றமாக்கிச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் சரியா தவறா என்று இன்னும் வாதம் நடக்கிறது. வாதத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட சொல்லைப் பலகையில் பரப்பிவிட்டு, "என்ன அர்த்தமோ தெரியாது, செல்லும்" என்று சிரிக்காதீர்கள். செய்தித்தாளில் வருஷக்கணக்காக வந்த சொல்லைக்கூட அடையாளம் தெரியாமல் போவது அறிவுக்கு அழகல்ல.

பலகையில் வைத்தால் சொல் சொல்லே அல்ல, வெறும் புள்ளி என்று வாதிடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. வட அமெரிக்க ஆட்டக்காரர் சங்கம் 2020ல் இனத்தையும் சமூகத்தையும் இழிவுபடுத்தும் சொற்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே ஆட்டத்தின் உரிமை வைத்திருக்கும் மேட்டல் நிறுவனம் 2021ல் அதையே செய்தது. அப்போதும் "இவை அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகள்தானே" என்று ஒரு சாரார் சண்டை போட்டார்கள். அர்த்தமே இல்லையென்றால் நீக்கினால் என்ன, வைத்தால் என்ன? சண்டைக்கு வந்ததிலிருந்தே தெரியவில்லையா, எழுத்துக் கட்டையிலும் அர்த்தம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று?

இதற்காக யாரும் அகராதியைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். அந்த ஜெராக்ஸ் தாளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு வரி, பென்சிலால். எந்த ஊர்ச் சொல், என்ன பொருள், அவ்வளவுதான். க்யூ பக்கம் ஓர் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும். அதற்கே சோம்பல் என்றால் விளையாட்டு என்று சொல்லாதீர்கள், மாடல் எக்ஸாம் என்று சொல்லுங்கள்.

அடுத்த முறை எதிரில் இருப்பவர் க்யூவைத் தட்டிப் பலகையில் வைத்தால் "செல்லுமா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "என்ன அர்த்தம்?" என்றும் கேளுங்கள். தெரியாது என்றால் புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். சபாஷ் மட்டும் கொடுக்காதீர்கள்.