பாட்டியாரின் பச்சைக்கிளி



விடுமுறைக்குச் சித்தூர் செல்லவிருக்கும் அன்பர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியுள்ளார். ஊரில் தனித்து வாழும் தம் தாயாருக்குத் துணையாக ஒரு பச்சைக்கிளி வாங்கிக் கொடுக்கலாமா என்பது அவர் வினா. பரிவிலிருந்து எழுந்த வினா. ஆதலின் என் குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்லியே விடை கூறுகிறேன்.

என் பாட்டியாரும் சித்தூரில் ஒரு கிளி வளர்த்தார். சிற்றப்பா பிழைப்புத் தேடிப் புறப்பட்ட ஆண்டில் அது வீட்டிற்கு வந்தது. சித்தூர், கிளிமூக்கு மாங்கனிக்குப் பேர்பெற்ற சீமையல்லவா? அக்கனியைத் தோத்தாபுரி என்றும் வழங்குவர். தோத்தா என்றால் இந்தியில் கிளி. கனியை நறுக்கியதும் முதல் துண்டு கிளிக்கே சேரும். பாட்டியார் சிற்றப்பாவை எப்படி அழைப்பாரோ, அதே குரலில் அதுவும் அவர் பெயரைச் சொல்லி அழைக்கும். பாட்டியார் கண்களைத் துடைத்துக்கொள்வார்.

கிளி கூட்டமாக வாழும் பறவை. தன் கூட்டத்தாரின் ஒலிகளைக் கேட்டுக் கற்பது அதன் இயல்பு. கூண்டில் தனித்திருக்கும்போது வீட்டாரையே கூட்டமாகக் கொண்டு அவர்கள் ஒலியைக் கற்கிறது. நாம் மழலை என்று மகிழ்வது, உறவை நாடும் அதன் முயற்சியே.

பின்னர் மூப்பினால் பாட்டியார் எங்களிடம் வந்து சேர நேர்ந்தது. கூண்டைத் திறந்துவிட்டோம், புண்ணியம் செய்ததாக எண்ணினோம். சிறகு கத்தரிக்கப்பட்டிருந்த அக்கிளி, கிணற்றடிக் கொய்யா மரத்தின் தாழ்ந்த கிளையில் அமர்ந்து, பொழுது சாயும்வரை சிற்றப்பாவின் பெயரைக் கூவிக்கொண்டிருந்தது. மறுநாள் மரத்தடியில் சில பச்சை இறகுகளே கிடந்தன. பாட்டியார் அதைப்பற்றிப் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

அக்காலத்தில் எங்களுக்கு விவரம் தெரியாது. இன்றோ சட்டம் தெளிவாக உள்ளது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். சந்தைக்கு வரும் குஞ்சுகள் மரப்பொந்துகளிலிருந்து தாயிடம் இருந்து பறிக்கப்பட்டவை. ஏற்கெனவே கிளி வைத்திருப்போர் நாங்கள் செய்தவாறு திடீரெனத் திறந்துவிடல் வேண்டா. வனத்துறையினரிடம் ஒப்படைப்பதே முறை.

கிளியின்மீது நம்மவர்க்குள்ள அன்பு பழமையானது. புரட்டாசிப் பிரம்மோற்சவத்தின்போது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக்களைந்த மாலையுடன் கிளியும் திருப்பதிக்குச் செல்வதை நீங்கள் அறிவீர்கள். அது இலைகளால் செய்த கிளி. மாதுளம்பூவே அதன் அலகு. ஆண்டாளின் கரத்திற்கு நாள்தோறும் அத்தகைய கிளி ஒன்று புதிதாகச் செய்யப்படுகிறது. அந்த அன்புக்குக் கூண்டு தேவைப்படவில்லை.

ஆகவே, அன்பரே, கிளி வாங்க வேண்டா. தாயார் வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யாக் கன்று நட்டு வாருங்கள். மாடியில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். கிளிகள் தாமே வரும், தாமே போகும். திருப்பதியில் 1987இல் அமைந்த ஸ்ரீ வேங்கடேசுவரா உயிரியல் பூங்காவுக்கும் தாயாரை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள்.

திரும்பி வந்தபின் வாரந்தோறும் தவறாமல் தொலைபேசியில் அவருடன் பேசுங்கள். என் பாட்டியார் அந்தக் கிளியிடம் கேட்டு மகிழ்ந்தது தம் மகனின் பெயரை. அவர் கேட்க விரும்பியதோ மகனின் குரலை.