மண்ணின் பசியும் மக்களின் பசியும்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி

அவரைச் செடியின் வேரிலுள்ள முண்டுகளைப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் வாங்காத தோழி நம்மில் யார்? அம்முண்டுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு அளிக்கின்றது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தும் விடுவோம். அந்த ஒரு பாடத்தை நம்பி ஆப்பிரிக்காவில் ஒரு பெருமுயற்சி நடந்திருக்கிறது. அதைப் படித்தபோது மகிழ்ச்சியும் ஐயமும் ஒருங்கே தோன்றின.

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்றொரு சிறு நாடு. அதன் தென்பகுதி மக்கள் நெருக்கம் மிகுந்தது. முன்னாளில் நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டு வளத்தை மீட்டனர். மக்கள் பெருகவே தரிசுக் காலம் சுருங்கிற்று, மண் களைத்தது, மக்காச்சோளக் கதிரும் சிறுத்தது. உரம் வாங்கவோ கையில் காசில்லை. 1980-களின் பிற்பகுதியில் அந்நாட்டு ஆராய்ச்சியாளர்களும், நைஜீரியாவின் இபாதானைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிலையத்தாரும் ஒரு வழி கூறினர். சோளம் விதைத்து ஏறத்தாழ 40 நாட்கள் கழிந்ததும் இடையிடையே பூனைக்காலி விதையை ஊன்ற வேண்டும். (தொட்டால் அரிக்குமே, அந்தக் காட்டுப் பூனைக்காலி அன்று, சுணையில்லாத வகை!) சோளத்தை அறுத்தபின் அக்கொடி நிலமெங்கும் போர்வைபோல் படர்ந்து, வறட்சிக் காலத்தில் தானே காய்ந்து மக்கும். இதையே மூடுபயிர் என்பர். நம் உழவர்கள் நெல் நடுமுன் கொளுஞ்சியையும் சணப்பையையும் மடக்கி உழுகிறார்களே, அதற்கு இது ஒருவகையில் உறவுதான்.

ஆராய்ச்சியாளர் கண்டது உரத்தை. உழவர் கண்டது வேறு! அங்கே இம்பெரேட்டா என்றொரு புல் உண்டு. ஈட்டிமுனைபோல் முளைக்கும். மண்ணுக்கடியில் மட்டநிலத்தண்டு ஓடுவதால் எத்தனை முறை வெட்டினாலும் மீண்டும் தலைதூக்கும். பூனைக்காலியின் நிழலில் இந்தப் புல் ஒடுங்கியதைக் கண்ட பிறகுதான் உழவர்கள் ஆவலோடு விதை கேட்டனர். 1996-க்குள் பெனினில் ஏறக்குறைய 10,000 விவசாயிகள் இதைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டனர். படித்தவர் சொன்ன காரணத்துக்காக அன்று; குனிந்து களை வெட்டிய முதுகுவலிக்காக! எனக்கு இச்செய்தி மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்தக் காயை யார் தின்பது? தென் பெனினில் ஆண்டுக்கு இரண்டு மழைப் பருவங்கள். பூனைக்காலி படர்ந்த நிலத்தில் இரண்டாம் பருவத்துச் சோளத்திற்கு இடமில்லை. துண்டு நிலம் மட்டுமே உள்ள குடும்பத்திற்கு ஒரு பருவம் என்பது பல மாதச் சோறல்லவா? பூனைக்காலி விதையில் எல்-டோபா என்னும் பொருள் உள்ளது. நடுக்குவாத நோய்க்கு அது மருந்து. உணவில் மிகுந்தாலோ நஞ்சு. பலமுறை நீர் மாற்றி வேகவைத்தால்தான் அது குறையும். 1989-இல் மொசாம்பிக்கில், போரும் வறட்சியும் வாட்டிய பகுதியில், பசியால் இவ்விதையை உண்டு 200 பேருக்கும் மேல் மனம் பேதலித்து நோயுற்றனர். விதையைத் தொண்டு நிறுவனங்கள் வாங்கியவரை அதற்கு விலை இருந்தது. சந்தையில் அதைத் தேடி வருவோர் இல்லை. ஆகவே விதைப்பையோடு வயலுக்குச் செல்பவர்கள் முதலில் அடுப்படிக்குச் சென்று அங்குள்ள தாயைக் கேட்க வேண்டும் என்பேன்.

அப்படிக் கேட்டவர்களும் உண்டு. மலாவியின் வடக்கே எக்வெண்டெனி என்னும் ஊரில், 2000-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவமனையே இவ்வேலையைத் தொடங்கிற்று. சத்துக் குறைந்த குழந்தைகளைக் கண்டு கண்டு, மருந்து போதாது, மண்ணையும் கவனிக்க வேண்டும் என்று உணர்ந்தார்கள் போலும். பூனைக்காலி உட்படப் பலவகைப் பயிர்களைக் கொடுத்து, விவசாயிகளையே சோதித்துத் தெரிவு செய்யச் சொன்னார்கள். பெரும்பாலோர், குறிப்பாகப் பெண்கள், உண்ணத்தக்க பயறுகளையே விரும்பினர். நிலக்கடலையோடு துவரையைச் சேர்த்து விதைத்தனர். துவரை மெல்ல வளரும்; கடலையைப் பறித்த பிறகே ஓங்கும்; ஆதலால் இரண்டுக்கும் சண்டையில்லை. அறுவடை முடிந்ததும் தழையை மண்ணில் புதைத்தனர். குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்று பேசப் பாட்டிமாரையும் கூட்டத்துக்கு அழைத்தார்களாம். அவர்கள் சம்மதமின்றி எந்த வீட்டில் எது நடக்கும்! அம்முயற்சியில் நெடுநாள் பங்குபெற்ற குடும்பங்களின் குழந்தைகள் எடை கூடினர் என்று 2010-இல் ஆய்வறிக்கை வெளிவந்தது. பூனைக்காலியைவிடத் துவரை மண்ணுக்குக் குறைவாகவே கொடுக்கலாம். கொடுத்துவிட்டுப் போகட்டும்!

துவரை என்றதும் நம் வீட்டுச் சாம்பார் நினைவுக்கு வரும். கிழக்கு ஆப்பிரிக்கத் துவரைக்குப் பெரிய வாடிக்கையாளர் இந்தியாதான். 2017 ஆகஸ்டில் நம் அரசு துவரை இறக்குமதிக்கு அளவு விதித்தபோது, மலாவி, மொசாம்பிக், தான்சானியா நாடுகளில் அதன் விலை சரிந்தது. நம் உழவருக்கும் அவ்வாண்டு விளைச்சல் மிகுந்து விலை விழுந்திருந்ததால் அரசைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. என்றாலும், விற்காத துவரையை அங்குள்ள தாய் தன் அடுப்பிலாவது ஏற்றியிருப்பாள் என்று எண்ணிக் கொள்கிறேன்.