வயது போனாலும் மூளை பழகும்

"வயது போட்டுது, இனி என்ன தலையில ஏறப்போகுது?" யுத்தத்தில் உழைப்பாளியை இழந்து, அறுபதில் தையல் பழகவேண்டிய அம்மாமார் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள்.

வயது கூடும்போது மூளை சற்றுச் சுருங்குவதும், பெயர்கள் சட்டென்று வாய்க்கு வராததும் இயல்பே. ஆனால் பழகப் பழக மாறும் தன்மை மூளையை விட்டுப் போவதில்லை. ஜேர்மனியில் அறுபது வயதளவினர் மூன்று மாதங்கள் மூன்று பந்துகளை மாறிமாறி எறிந்து பிடிக்கப் பழகினார்கள். இளையோர் அளவுக்குக் கைதேரவில்லை. ஆனாலும், அசைவை உணரும் மூளைப்பகுதி சற்றுப் பருத்திருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பயிற்சியை விட்டதும் அது மீண்டும் குறைந்தது.

ஆகவே அம்மா, முதல் வாரம் நூல் சிக்கினால் மனந்தளராதீர்கள். நாளும் கொஞ்சம் தையுங்கள், இடையில் விட்டுவிடாதீர்கள். பழகிய வீட்டு வழியே மறந்துபோனால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள்.