அம்மனுக்கும் உண்டு ஓய்வு நேரம்

நம்முடைய வீடுகளில் பிரயாணம் என்றால் ரயில் புறப்படுவதற்கு முன்பே அடுப்பு புறப்பட்டுவிடும். ஒரு பாத்திரம் புளியோதரை, ஒரு பாத்திரம் தயிர் சாதம், மிளகாய்ப் பொடி தடவிய இட்டிலிப் பொட்டலம், குழந்தைகளுக்கு முறுக்கு என்று இரவெல்லாம் வேலை நடக்கும். வீட்டுத் தலைவர் டிக்கெட்டைக் கைப்பேசியில் வைத்துக் கொண்டு, "இன்னுமா ஆகவில்லை?" என்று வாசலிலிருந்து விசாரிப்பார். இரண்டு நாள் ஓய்வுக்காகக் கிளம்பும் குடும்பத்தில், வண்டி ஏறும்போதே களைத்துப் போயிருக்கும் ஆத்மா ஒன்று உண்டு. அது யார் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற மாதம் ஒரு சனி, ஞாயிறு மதுரைக்குப் போய்வருவதென்று எங்கள் வீட்டில் தீர்மானமாயிற்று. இம்முறை மேற்படி ஆத்மா மூன்று நிபந்தனைகள் விதித்தாள். அடுப்பு மூட்டுவதில்லை, ஆளுக்கு ஒரு பைக்கு மேல் கிடையாது, முதல் நாள் சாயங்காலத்துக்குப் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்ற ஜாபிதா எதையும் யாரும் நீட்டக் கூடாது. நிபந்தனைகள் ஏகமனதாக நிறைவேறின. வேறு வழி இல்லை என்பதும் ஒரு காரணம்.

சென்னையிலிருந்து மதுரை ஏறக்குறைய 490 கிலோமீட்டர். 1977-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. பகலிலேயே மதுரை போய்ச் சேருவது அன்று பெரிய அதிசயமாயிருந்தது. 2019-இல் வந்த தேஜஸ் வண்டியோ காலை 6 மணிக்குக் கிளம்பி, நடுப்பகலுக்குச் சற்றுப் பின்னால் நம்மை மதுரையில் இறக்கிவிடுகிறது. சிற்றுண்டியும் வண்டியிலேயே கிடைக்கிறது.

செங்கற்பட்டு ஏரி காலை வெயிலில் மின்னியது. கொள்ளிடம் வந்தது, அப்புறம் காவிரி, மலைக்கோட்டை தெரிந்தது. "காவிரிப் பாலம் இவ்வளவு நீளமா?" என்று அவள் கேட்டாள். எத்தனையோ தடவை அந்தப் பாலத்தைக் கடந்தவள்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தச் சமயத்தில் குனிந்து யாருக்காவது தயிர் சாதம் பங்கிட்டுக் கொண்டிருந்திருக்கிறாள். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

மதுரையில் இறங்கியதும் கோயிலுக்கு ஓட வேண்டுமென்று குழந்தைகள் துடித்தார்கள். அது நடக்கிற காரியமில்லை. பகல் 12.30-க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். மதுரையை ஆளும் மகாராணிக்கே பகலில் ஓய்வு நேரம் என்று ஒன்று இருக்கிறது. அதை யாரும் ஆட்சேபிப்பதில்லை. நம் வீட்டு மகாராணிகளுக்கு மட்டும் அப்படி ஒரு நேரம் ஏன் இல்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம். விடுதி அறையில் அவள் இரண்டு மணி நேரம் அயர்ந்து தூங்கினாள். காப்பி வேண்டியவர்கள் தாங்களே கீழே போய்க் குடித்து வந்தோம்.

வெயில் தாழ்ந்ததும் நடந்தே புறப்பட்டோம். வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர் அது. மேலமாசி வீதியில் சற்று நின்றோம். 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி, இந்த வீதியிலுள்ள ஒரு வீட்டிலிருந்துதான் மகாத்மா காந்தி மேலாடையைத் துறந்து முழங்கால் அளவு வேட்டியுடன் வெளியே வந்தார். போதிய துணி வாங்கவும் வழியற்ற ஏழைகளை நினைத்துச் செய்த முடிவு அது. எங்களுடைய 'ஆளுக்கு ஒரு பை' விரதத்தை அதனுடன் ஒப்பிடுவது அதிகப்பிரசங்கம்தான். ஆனாலும் கையிலிருந்த பை அந்த இடத்தில் சிறிது கனமாகவே தோன்றியது.

கோயிலுக்குள் கைப்பேசி கொண்டு போக அனுமதி இல்லை. வெளியே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்த பிறகு விளங்கியது. படம் பிடிப்பார் இல்லை. ஆகவே எல்லோரும் பார்த்தார்கள். 160 அடிக்கு மேல் உயர்ந்த தெற்குக் கோபுரம் மெல்ல இருளில் கரைவதை ஒரு மணி நேரம் பார்த்துக் கொண்டிருந்தோம். இரவு நடை சாத்துமுன் சுந்தரேசுவரருடைய பாதுகைகள் பல்லக்கில் ஏறி அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றன. இங்கே சுவாமிதான் அம்மன் இருக்குமிடம் தேடி வருகிறார் என்பதைப் புருஷர்கள் கவனிக்கக் கடவர்.

வெளியே வந்தால், தூங்கா நகரம் விழித்துக் கொண்டிருந்தது. கொதிக்கும் ஆவியுடன் இட்டிலி, நாலு விதச் சட்டினி. அதன்மேல் பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் கலந்த குளிர்ந்த ஜிகர்தண்டா. அவள் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர் இலையில் என்ன குறைகிறது என்று பார்க்கவில்லை.

திருமலை நாயக்கர் மகாலும் காந்தி மியூசியமும் மறுநாளைக்குக் காத்திருந்தன. நீங்கள் அடுத்த முறை எந்த ஊருக்குப் போனாலும், முதல் நாள் சாயங்காலத்தில் ஊரைப் பார்ப்பதற்கு முன்னால், உங்களுடன் வந்தவர்கள் இளைப்பாறினார்களா என்று பாருங்கள். முக்கியமாக, உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்.