ஸ்லைடைப் பார்த்த பிறகே ரிப்போர்ட்

டெங்கு காலத்தில் எங்கள் ஆய்வக ஜன்னலில் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு சார்?" இயந்திரம் 40,000 என்று அச்சிட்டாலும், ஸ்லைடைப் பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை. ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ.வே சிலருக்குப் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களைத் திரளவைத்துவிடும். அந்தத் திரள்களை இயந்திரம் தட்டணுவாக எண்ணாது; அதனால் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து தெரியும். லீஷ்மன் சாயமிட்டு, எண்ணெய்த் துளி வைத்து 100 மடங்கு லென்ஸில் பார்த்தால், ஸ்லைடில் பூசிய ரத்தப் படலமான ஸ்மியரின் வால்முனையில் அவை ஊதாநிறக் கொத்துகளாகக் கிடக்கும். சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து, நீர்த்ததற்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், பெரும்பாலும் சரியான எண் கிடைத்துவிடும். எண்ணிக்கை பொய்யாகக் குறைந்திருப்பது தெரியாமல் ஒரு குடும்பம் இரவெல்லாம் ரத்ததானம் செய்பவரைத் தேடி அலைவது கொடுமை. எண்ணிக்கை குறைந்த ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் 'ஸ்மியர் பார்க்கப்பட்டது' என்ற வரியை அரசு கட்டாயமாக்க வேண்டும். ஸ்மியரைப் பார்க்கத் தெரிந்த டெக்னீஷியனை இரவுப் பணியிலும் அமர்த்த வேண்டும்.