விதைநெல்லும் கணினியும்

விண்டோஸ் 10 என்னும் இயக்கமுறைமைக்கு அளிக்கப்பட்டு வந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. அதனால் பழைய மேசைக் கணினியைப் புதுக்க எண்ணும் இல்லத்தாரும் மாணவரும், எந்தச் சேமிப்புத் தட்டை வாங்குவது என்று மயங்குதல் இயல்பே. அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சாதனத்தில், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அவை யாவும் சேர்ந்து கொண்டவை 50 இலட்சம் எழுத்துகளே! இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் தட்டு, அதனைப்போல் இரண்டு இலட்சம் மடங்கு கொள்கிறது.

இக்காலத் தட்டுகள் இருவகைப்படும். சுழலும் வன்தட்டு மலிவானது, மிகுதியாகக் கொள்வது, ஆயினும் வினாடிக்கு 200 மெகாபைட் அளவே படிக்கும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மத்தட்டில் அசையும் உறுப்பு இல்லை. அதில் சாட்டா வகை ஏறத்தாழ 550 மெகாபைட்டும், என்.வி.எம்.இ. வகையிற் பல 3,000 மெகாபைட்டுக்கு மேலும் படிக்க வல்லன. ஆகவே இயக்கமுறைமையைச் சிறிய திண்மத்தட்டிலும், படங்களையும் காணொளிகளையும் வன்தட்டிலும் வைத்தல் சிக்கனமாகும். வாங்குமுன், தாய்ப்பலகையில் எவ்வகை இணைப்பு உண்டென அறிதல் வேண்டும்.

நிற்க. இரு தட்டுகளில் ஒன்றையே எழுதிவைக்கும் 'ரெயிட்' முறையும் உண்டு. ஒன்று பழுதானால் மற்றது காக்கும். ஆனால் கைதவறி அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். மின்னல் தாக்கினும், வெள்ளம் புகினும் இரண்டும் ஒருங்கே கெடும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுட் புகுந்ததை நாம் மறக்கலாமா?

2009இல் முடிவுற்ற போரின்போது மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த வன்னிக் குடும்பங்கள் பலவற்றிடம் மூத்தோரின் நிழற்படம் ஒன்றுகூட எஞ்சவில்லை. எஞ்சிய ஒன்றிரண்டையும் இன்று கணினியிலே படியெடுத்து வைத்திருக்கிறோம். பிள்ளைகளின் சான்றிதழ்களும், காணி உறுதியின் படிகளும் அங்கேதான். அவற்றுக்கு மூன்று படிகள் வேண்டும். இருவேறு சாதனங்களில் வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். ஆதலின் 'ரெயிட்' முறைக்கென இரண்டாந் தட்டு வாங்கும் பணத்தில் வெளித்தட்டொன்று வாங்குங்கள். மாதம் ஒருமுறை படியெடுத்து, வவுனியாவிலோ வேறூரிலோ உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். மூன்றாம் படியைப் பென்டிரைவில் இட்டு அலுமாரியில் வைக்கலாம்.

நம் உழவர் விதைநெல்லை உண்ணும் நெல்லோடு கலப்பதில்லை. கையிற் பணம் குறைவாயின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். படியைக் குறைக்க வேண்டா.